அடர் மண்பழுப்பு சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்ய

மழையில் நனைந்த பனந்தண்டைப் பார்த்திருப்பீர்கள். அது கருப்பும் இல்லை, பழுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை; மூன்றிலும் கொஞ்சம் கலந்த நிறம். பெயின்ட் கடை ஷேட் கார்டிலும் வடிவமைப்பு மென்பொருளிலும் இந்தக் குடும்பத்து நிறங்களுக்கு ‘டோப்’ என்று பெயர் போட்டிருப்பார்கள். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் அகழெலிக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயர் அது. நான் மண்பழுப்பு என்றே சொல்லிவருகிறேன். நூல் அட்டை, அழைப்பிதழ், இணையப் பக்கம், கடைப் பலகை, எப்போதாவது நண்பர்களின் வீட்டுச் சுவர் எனப் பலவற்றிலும் இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். இவ்வளவு அமைதியான நிறம் வேறு இல்லை. இதைப் போல வேலை வாங்கும் நிறமும் வேறு இல்லை.

கணக்குக்கு ஓர் எண் வேண்டும். திரையில் சிவப்பு 72, பச்சை 60, நீலம் 50 என்று கொடுத்துப் பாருங்கள். கீழே ‘நம் மண்பழுப்பு’ என்று நான் சொல்வதெல்லாம் இதைத்தான். நிறங்களை வட்டமாக அடுக்கிய நிறச்சக்கரத்தில் இதன் இடம் 27 பாகை, அதாவது ஆரஞ்சு. செறிவு, அதாவது நிறத்தின் அழுத்தம், 18 விழுக்காடு மட்டுமே. ஆரஞ்சு இருக்கிறது, ஆனால் அடங்கியிருக்கிறது.

படிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். இந்த நிறம் தவறாகத் தெரிந்தால் உடனே எண்ணில் கை வைக்காதீர்கள். பக்கத்தில் எந்த நிறம் இருக்கிறது, மேலே எந்த ஒளி விழுகிறது, எந்தத் தாளில் அச்சாகிறது என்று முதலில் பாருங்கள். செறிவு குறைந்த நிறத்துக்குத் தன் குரல் சிறியது. சுற்றியிருப்பவை பேசுவதே அதன் மேல் கேட்கும். எண்ணிலேயே குற்றம் இருப்பது கீழே உள்ளவற்றில் பெரும்பாலும் முதல் அறிகுறியில்தான்.

பாசி பிடித்தது போல் தெரிகிறது

எண்ணைப் பாருங்கள். பச்சையின் அளவு சிவப்பை நெருங்கியிருக்கும், நீலம் நன்றாகக் கீழே கிடக்கும்.

இது எப்படி நேர்கிறது என்றால், பலர் சந்தன நிறத்திலிருந்தோ மணல் நிறத்திலிருந்தோ தொடங்குகிறார்கள். வெளிர்நிலையில் அது அழகாக இருக்கிறது. அதையே கருக்கினால் ஆழ்ந்த மண்நிறம் கிடைக்கும் என்று நம்பிக் கருப்பைச் சேர்க்கிறார்கள். ஆனால் சந்தனம் மஞ்சளின் பிள்ளை. மஞ்சளில் கருப்பைக் கலந்தால் பச்சை தட்டும் என்பது பெயின்ட் கலந்து பார்த்த எவருக்கும் தெரியும். பழுப்பு பிறப்பது ஆரஞ்சிலிருந்து. ஆரஞ்சைக் கருக்கினால் பழுப்பு. அந்தப் பழுப்பின் செறிவைக் குறைத்தால் மண்பழுப்பு. தொடங்கும் இடம் தவறினால் எவ்வளவு திருத்தினாலும் பாசிக்குளத்தில்தான் போய் நிற்போம்.

இந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் 2012 டிசம்பர் முதல் சிகரெட் பெட்டிகள் எல்லாம் நிறுவனத்தின் வண்ணங்கள் இல்லாமல் ஒரே நிறத்தில் வர வேண்டும் என்று சட்டம் வந்தது. எடுக்கவே மனம் வராத நிறம் வேண்டும் என்று ஆய்வு நிறுவனம் ஒன்றை அமர்த்தி, புகைபிடிப்பவர்களிடம் பல நிறங்களைக் காட்டித் தேர்ந்தெடுத்தார்கள். நிறங்களுக்கு எண் கொடுக்கும் பான்டோன் பட்டியலில் 448 சி என்ற நிறம் அமைந்தது. முதலில் அதை ஆலிவ் பச்சை என்று குறிப்பிட்டார்கள். ஆலிவ் உற்பத்தியாளர்கள் தங்கள் பயிரின் பெயர் கெடுகிறது என்று எதிர்ப்புத் தெரிவித்ததும், மங்கிய அடர்பழுப்பு என்று சொல்லத் தொடங்கினார்கள்.

அந்த நிறத்தின் திரை எண் ஏறக்குறைய 74, 65, 42. நம்முடையது 72, 60, 50. சிவப்பில் 2, பச்சையில் 5, நீலத்தில் 8; வேறுபாடு இவ்வளவுதான். சக்கரத்தில் அது 43 பாகையில், மஞ்சளின் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. செறிவும் கூடுதல். ஒன்று நனைந்த மரம், மற்றொன்று தேங்கிய நீர். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள் என்று என்னிடம் வேலை கற்க வரும் எல்லோரிடமும் சொல்கிறேன். நான் அறிந்த வரையில் நிறத்தைப் பற்றி இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

தீர்வு: சக்கரத்தில் 20 முதல் 30 பாகைக்குள் வாருங்கள், செறிவை 15 முதல் 20 விழுக்காட்டுக்குள் நிறுத்துங்கள். கையில் இருக்கும் எண்ணையே திருத்த வேண்டுமென்றால் பச்சையில் 4, 5 குறைத்து, நீலத்தில் 6, 8 கூட்டினால் போதும். அளவு மீறிவிட வேண்டாம். 10 பாகைக்குக் கீழே இறங்கினால் ஈரல் நிறம் தட்டும். இன்னும் இறங்கினால் நாவற்பழக் கறை. உணவுப் பொட்டலத்துக்கு வேலை செய்பவர்கள் இந்த இரண்டு எல்லைகளையும் மிகவும் கவனிக்க வேண்டும்.

தனியே சரியாக இருந்தது, மற்ற நிறங்களோடு வைத்ததும் ஊதா தட்டுகிறது

வெள்ளைத் தாள் ஒன்றில் சிறு துளை போட்டு, மற்ற நிறங்கள் மறையும்படி மண்பழுப்பின் மேல் வையுங்கள். துளை வழியே பார்க்கும்போது ஊதா போய்விட்டதா? அப்படியானால் நிறத்தில் குற்றம் இல்லை. பக்கத்து நிறம்தான் அதை மாற்றிக் காட்டுகிறது.

பாரிஸில் கோபலின் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவாலை இருக்கிறது. வேதியியலாளர் மிஷல் யூஜின் ஷெவ்ரல் 1824-இல் அதன் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். கருப்புச் சாயம் வலுவில்லாமல் இருக்கிறது என்று புகார். அவர் நூலைப் பரிசோதித்தார். சாயத்தில் குறை இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டதால்தான் அந்தக் கருப்பு சோர்ந்து தெரிந்தது. ஒவ்வொரு நிறமும் சக்கரத்தில் தனக்கு நேர் எதிரே உள்ள எதிர்நிறத்தைப் பக்கத்து நிறத்தின் மேல் ஏற்றிக் காட்டும் என்று அவர் விதி வகுத்தார். கருப்புக்கே அந்தக் கதி என்றால், செறிவு குறைந்த நம் நிறத்துக்குக் கேட்க வேண்டாம்.

நம் அழைப்பிதழ்களில் இந்தச் சிக்கல் நாள்தோறும் வருகிறது. மஞ்சளும் குங்குமமும் இல்லாமல் மங்கலப் பத்திரிகை இல்லை. பளிச்சென்ற மஞ்சள் பட்டைக்குப் பக்கத்தில் மண்பழுப்பு ஊதாவின் சாயலைப் பெறும். குங்குமச் சிவப்புக்குப் பக்கத்தில் அதே மண்பழுப்பு பச்சை தட்டும். இலைப்பச்சைக்கு அருகில் வைத்தால் லேசாகச் சிவக்கும். ஒரே அட்டையில் மூன்று இடங்களில் மூன்றாகத் தெரிவதால், அச்சில் மாறிவிட்டது என்று அச்சகத்தோடு சண்டை நடக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். பக்கத்து நிறத்தின் செறிவைக் குறையுங்கள். எலுமிச்சை மஞ்சளுக்குப் பதில் கடுகு மஞ்சள், பளிச்சிடும் சிவப்புக்குப் பதில் காவி. வீட்டார் அந்த மஞ்சள்தான் வேண்டும் என்றால், அவர்கள் விருப்பம் நியாயமானது, மஞ்சளை விடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டராவது வெண்மை அல்லது பாலாடை நிறத்தில் இடைவெளி விடுங்கள். எல்லைக்கோட்டில் நிறங்கள் முட்டிக்கொள்வது குறைந்தாலே பாதி சரியாகிவிடும். அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் மண்பழுப்பில் நீலத்தை 2, 3 குறைத்து லேசாக மஞ்சளின் பக்கம் நகர்த்தலாம்.

மேலே வைத்த எழுத்து படிக்க முடியவில்லை

கண்ணை நம்பாமல் கணக்குப் பார்க்க வேண்டிய இடம் இது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை விகிதமாகச் சொல்வார்கள். இணையத்துக்கான அணுகல் வழிகாட்டியின்படி சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 குறைந்தபட்சம்.

நம் மண்பழுப்பின் மேல் தூய வெள்ளை எழுத்து 10.7. பாலாடை நிறம் (243, 235, 221) 9. இரண்டும் தாராளம், பாலாடை கண்ணுக்கு இதம் என்பதால் நான் அதையே எடுப்பேன். கடுகு மஞ்சள் (217, 164, 65) 4.7, கடந்துவிடுகிறது. இதற்குக் கீழே போனால்தான் ஆபத்து. ஒரே குடும்பத்து நிறமாயிற்றே என்று வெளிர்பழுப்பில் (160, 140, 120) எழுதினால் 3.3 தான் வரும். தலைப்புக்கு ஆகும், பத்திக்கு ஆகாது. கருப்பு எழுத்து 2-ஐக்கூடத் தொடாது.

அரக்கு நிறம் (128, 0, 0) வைத்தால்? 1.03. அதாவது ஒளியளவில் இரண்டும் ஒன்றே. பட்டுச் சேலையில் இந்த இரண்டும் சேர்ந்து அவ்வளவு அழகாக இருப்பதால், எழுத்திலும் அழகாக இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். சேலையில் யாரும் படிக்க வேண்டியதில்லை. கடைப் பலகையில் அரக்கு எழுத்தை மண்பழுப்பின் மேல் வைத்தால் பத்தடி தள்ளி நின்றாலே பெயர் காணாமற்போகும். அரக்கு வேண்டுமென்றால் எழுத்தைப் பாலாடையாக்கி, அரக்கை ஓரப்பட்டைக்கு அனுப்புங்கள்.

திரையில் பார்த்தது அச்சில் வரவில்லை

எப்படி வரவில்லை என்று பிரித்துப் பாருங்கள். வெளுத்து, வலுவிழந்து வந்திருக்கிறதா, கருகி வந்திருக்கிறதா, வேறு நிறம் தட்டுகிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

வெளுத்திருந்தால், திரை எண்ணை ஏதோ ஒரு மாற்றுக் கருவியில் போட்டு அது தந்த சூத்திரத்தை அப்படியே எடுத்திருப்பீர்கள். வெறும் கணக்கால் மாற்றினால் அச்சின் நான்கு மைகளில் சயான் (வெளிர்நீலம்) 0, மஜந்தா (இளஞ்சிவப்பு) 17, மஞ்சள் 31, கருப்பு 72 விழுக்காடு என்று வரும். தாளில் 72 விழுக்காடு கருப்பு மை என்பது சாம்பல்தான். அதன் மேல் மெல்லிய மஜந்தாவும் மஞ்சளும் ஏறினால் ஆழம் கிடைக்காது. சயான் இல்லாமல் இந்த நிறத்துக்கு உடல் வராது.

கருகியிருந்தால் நேர் எதிரான காரணம். மென்பொருளே மாற்றியபோது நான்கு மைகளையும் அள்ளிப் போட்டிருக்கும். நான்கின் விழுக்காடுகளையும் கூட்டிப் பாருங்கள். பளபளப்பான ஆர்ட் தாள் 300 வரை தாங்கும். செய்தித்தாளுக்கு 240 என்பதே எல்லை. மீறினால் மை காயாது, அடுத்த தாளின் முதுகில் ஒட்டும், நிழற்பகுதிகள் எல்லாம் ஒரே கருப்பாகும்.

மூன்றாவது வகைதான் தலைவலி. ஆயிரம் பிரதியில் முதல் நூறு ஒரு மாதிரி, கடைசி நூறு வேறு மாதிரி. மண்பழுப்பை மூன்று வண்ண மைகளின் சமநிலையில் நிறுத்தினால், அச்சு எந்திரத்தில் ஒரு மை சற்றே கூடினாலும் குறைந்தாலும் நிறம் சாய்ந்துவிடும். தாளைப் பார்த்தே காரணத்தைச் சொல்லலாம்: சிவந்திருந்தால் சயான் இறங்கிவிட்டது, பச்சை தட்டினால் மஜந்தா இறங்கிவிட்டது, ஊதா என்றால் மஞ்சள் போதவில்லை. எந்திரத்தின் பக்கத்தில் நின்று இதைச் சொன்னால் அச்சுக்காரர் உடனே மை விசையைச் சரிசெய்துவிடுவார். ‘கொஞ்சம் மண் மாதிரி இல்லையே அண்ணா’ என்று சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்?

நிரந்தரத் தீர்வு, பாரத்தைக் கருப்பு மையின் மேல் ஏற்றுவது. கருப்பு ஆடினால் நிறம் சற்று ஏறி இறங்குமே தவிரச் சாயாது. சயான் 30, மஜந்தா 40, மஞ்சள் 50, கருப்பு 75. நான் வழக்கமாகத் தொடங்கும் அளவு இது. கூட்டினால் 195, எந்தத் தாளுக்கும் பயமில்லை. தாளையும் எந்திரத்தையும் பொறுத்து இதிலிருந்து ஐந்து பத்து நகர வேண்டியிருக்கும். சோதனைப் பிரதி பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். நீண்டகாலம் நடக்கும் இதழுக்கோ நிறுவனத்துக்கோ என்றால் தனி மையாகவே கலக்கச் சொல்லிவிடுங்கள்.

பளபளப்பில்லாத மேப்லித்தோ தாளில் மை உள்ளே இறங்கிவிடுவதால் எல்லாம் ஒரு படி வெளுத்துக் காயும். அந்தத் தாளின் மேல் சோதிக்காத நிறத்தை அந்தத் தாளுக்கு அனுப்பாதீர்கள்.

மண்பழுப்பில் வெள்ளையாக விட்ட எழுத்துகளின் சுழிகள் அடைந்துவிட்டன

இந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். ஒரு சிறு நூலின் பின்னட்டை. மண்பழுப்புப் பின்னணி, அதில் வெள்ளையாக விட்ட எட்டுப் புள்ளி எழுத்தில் ஆசிரியர் குறிப்பு. திரையில் பெரிதாக்கிப் பார்த்து மகிழ்ந்துபோனேன். அச்சாகி வந்தபோது மூன்றுசுழி ண-வும் இரண்டுசுழி ன-வும் ஒன்றாகிவிட்டிருந்தன. ஐகாரக் கொம்புகள் வெறும் புள்ளிகள். ஆசிரியர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் பெயரில் ஒரு ண இருந்தது. இன்றைக்கும் அந்த அட்டையை என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை.

தமிழ் எழுத்தில் சுழியும் கொம்பும் அதிகம். நான்கு மைகள் ஒன்றன்மேல் ஒன்று இறங்கும் பின்னணியில் எழுத்து வெள்ளையாக விடப்படும்போது, நான்கு மைகளின் அச்சுத் தகடுகளும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். சற்று விலகினாலும் வெள்ளை இடத்துக்குள் ஏதாவது ஒரு மை கசியும். சுழியின் உள்வட்டம்தான் முதலில் அடைபடும். அதே அளவுள்ள ஆங்கில எழுத்து தப்பிவிடும், நம் எழுத்து தப்பாது. ஆங்கில மாதிரிகளைப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள்.

பத்துப் புள்ளிக்குக் கீழே வெள்ளை எழுத்து வேண்டாம். மெல்லிய எழுத்துருவைத் தவிர்த்து நடுத்தரக் கனம் எடுங்கள். மிகத் தடித்ததும் கூடாது, அதில் சுழி இன்னும் சிறியது. எழுத்துகளுக்கிடையே சற்றுக் கூடுதல் இடம் விடுங்கள். நிறைய எழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பின்னணியைப் புரட்டிவிடுவதே நல்லது: பாலாடை நிறத் தாள், அதன் மேல் கருப்பு எழுத்து, மண்பழுப்பு வெறும் தலைப்பட்டையாக.

குற்றம் எதுவும் இல்லை, ஆனால் மொத்தமும் சோர்ந்து கிடக்கிறது

மண்பழுப்பைச் சுற்றி இன்னொரு பழுப்பு, அதற்கு அடுத்து ஒரு சாம்பல், அப்புறம் ஒரு மங்கிய ஆலிவ் என்று எல்லாவற்றையும் அடக்கியே வைத்திருப்பீர்கள். பழுப்பு என்பது தன்னைவிட ஒளி மிகுந்த ஒன்று அருகில் இருக்கும்போதுதான் பழுப்பாகத் தெரியும் நிறம்; அந்த ஒளி இல்லாவிட்டால் கண் அதை அழுக்காக எடுத்துக்கொள்கிறது. ஓரிடத்தில் தயங்காமல் வெளிச்சத்தைக் கொடுங்கள். சிறிய பரப்பு போதும்: ஒரு தலைப்பு, ஒரு பொத்தான், ஒரு பூ. கோயில் உட்பிராகாரத்தின் கருங்கல் இருட்டில் ஒற்றை விளக்குச் சுடர் செய்கிற வேலை அது. சோர்வைப் போக்க மண்பழுப்பையே பளிச்சென்று ஆக்குவது தவறான வழி. அதற்குப் பிறகு அது மண்பழுப்பாக இருக்காது, பாக்கு நிறமாகிவிடும்.

திரையில் நிறம் மங்கிக்கொண்டே போகும் பின்னணியில் பட்டை பட்டையாகக் கோடு தெரிகிறது

இருண்ட நிறத்துக்குள் திரைக்குக் கிடைக்கும் படிகள் குறைவு. 72-இலிருந்து 50-க்கு இறங்க 22 படிகள்தான்; அதை அகலமான திரை முழுவதும் இழுத்தால் ஒவ்வொரு படியும் தனியே தெரியும். இறக்கத்தைக் குறுகிய பரப்பில் வையுங்கள், அல்லது படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மணல் தூவியது போன்ற புள்ளி இழைமத்தைச் சேருங்கள். மண்நிறத்துக்கு அந்த இழைமம் பொருத்தமும்கூட.

சுவரில் பகலில் சரி, இரவில் உயிரற்ற சாம்பல்

அறையில் எந்த விளக்கு என்று பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் 6,500 கெல்வின் ‘கூல் டேலைட்’ டியூப் லைட் அல்லது எல்.இ.டி. நீலம் தூக்கலான ஒளி அது. மண்பழுப்பில் அடங்கியிருக்கும் சிறிதளவு ஆரஞ்சை அது எழவிடாது. சாம்பல் மட்டுமே மிஞ்சும். மறுபடி பெயின்ட் அடிக்கச் செலவழிக்கும் முன் ஒரே ஒரு 3,000 கெல்வின் பல்பை வாங்கி மாட்டிப் பாருங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90 என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலான சுவர்கள் அன்றிரவே உயிர்பெற்றுவிடும்.

இன்னொன்று, இந்த நிறம் தன் மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவையே திருப்பித் தருகிறது. வெள்ளைச் சுவர் 80-க்கு மேல் தரும். நான்கு சுவருக்கும் அடித்துவிட்டு அதே ஒற்றை விளக்கை வைத்திருந்தால் அறை குகையாகத்தான் இருக்கும். ஒரு சுவர் போதும். ஷேட் கார்டின் விரல் நுனி அளவுச் சதுரத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், இரண்டடிக்கு இரண்டடிப் பலகையில் இரண்டு கோட் அடித்து, அறையில் சாய்த்து வைத்துக் காலை, மாலை, விளக்கு வெளிச்சம் மூன்றிலும் பாருங்கள்.

சுவரில் திட்டுத் திட்டாக, ரோலர் போன வழி தெரிகிறது

காய்ந்த ஓரத்தின் மேல் ஈர ரோலர் ஏறிய தடம் அது. வெளிர் நிறத்தில் மறைந்துவிடும், இதில் மறையாது. பட்டி பார்த்த இடத்தில் பிரைமர் விட்டுப்போயிருந்தாலும் இப்படித்தான் தெரியும். தெரியும் இடத்தில் மட்டும் தொட்டுவிட்டால் இன்னும் மோசமாகும். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை நிறுத்தாமல் முழுச் சுவருக்கும் ஒரு கோட் அடிக்கச் சொல்லுங்கள். வெள்ளை பிரைமருக்குப் பதில் சாம்பல் சாயம் கலந்த பிரைமர் கொடுத்தால் கோட் எண்ணிக்கையும் குறையும்.

வெளிச்சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது

உப்பு. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வரும்போது உப்பையும் கொண்டுவந்து மேற்பரப்பில் விட்டுவிட்டு ஆவியாகிறது. வெள்ளைச் சுவரிலும் இது இருக்கும், கண்ணுக்குப் படாது, அடர்நிறம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதறிவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்: கசியும் குழாய், மாடியின் விரிசல், தரையிலிருந்து ஏறும் நீர். அதை அடைத்துச் சுவர் முழுமையாகக் காய்ந்த பிறகே காரத்தைத் தாங்கும் பிரைமரும் நிறமும். புதிதாகப் பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாள் பொறுக்க வேண்டும்.

மேற்கு பார்த்த வெளிச்சுவருக்கு இந்த நிறத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. விழும் வெயிலை எல்லாம் விழுங்கிக்கொண்டு இரவு முழுவதும் அறைக்குள் விடும். வாசல் கதவுச் சட்டம், சன்னல் கம்பி, நிழல் விழும் வடக்குச் சுவர் ஆகிய இடங்களில் வையுங்கள். மழை நாளில் பாருங்கள், நனைந்த பனந்தண்டு அங்கே நிற்கும்.